பவளத் தொட்டிக்குக் கிளீனர் ராஸ் வாங்கலாமா? நான்கு வழிகளை ஒப்பிட்டுப் பார்ப்போம்

டாங் மீனின் உடம்பில் உப்புத் தூவியது போல் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்ததும் முதலில் காதில் விழும் யோசனை, "ஒரு கிளீனர் ராஸ் வாங்கிப் போடுங்க அண்ணே, எல்லாத்தையும் தின்னுடும்" என்பதுதான். மற்ற மீன்களின் மேல் இருக்கும் ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்னும் சிறு கடல் மீன் அது. விலையும் அதிகமில்லை. நீலமும் கறுப்புமாக விரல் நீளத்தில் துள்ளித் துள்ளி நீந்தும் அந்த மீனைப் பார்த்துவிட்டால் வேண்டாம் என்று சொல்ல மனமும் வராது. பினாங்குத் தீவிலும் பட்டர்வொர்த் பக்கமும் வீட்டில் பவளத் தொட்டி வைத்திருக்கும் நம்மவர்கள் அப்படி வாங்குவதற்கு முன் இதை ஒரு தடவை படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோயைத் தீர்க்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் எந்தத் துப்புரவு உயிரியும் வேண்டாம். அந்தப் பணத்தைத் தனிமைத் தொட்டியில், அதாவது புது மீனையும் நோயுற்ற மீனையும் தனியே வைக்கும் தொட்டியில், போடுங்கள். ஒரு உயிரி இன்னொன்றைச் சுத்தம் செய்யும் காட்சியை வீட்டில் பார்க்க ஆசை என்றால் கிளீனர் இறால் நல்லது, கிடைத்தால் நியான் கோபி என்ற சிறு துப்புரவு மீனும் நல்லது. கிளீனர் ராஸ் என்பது பெரிய தொட்டியும் நிறைய மீனும் ஒரு நாளைக்குப் பல வேளை தீனி போட ஆளும் இருக்கும் வீட்டுக்கு மட்டும்.

நோயும் துப்புரவும்

வெள்ளைப் புள்ளி நோயைத் தருவது கிரிப்டோகேரியான் இரிட்டான்ஸ் என்ற ஒற்றைச் செல் உயிரி. அது மீனின் தோல்மேல் உட்கார்ந்திருப்பதில்லை. மேல்தோலைத் துளைத்து உள்ளே போய் அங்கேயே தின்று வளர்கிறது. நம் கண்ணுக்குத் தெரியும் புள்ளி, தோல் மூடிய ஒரு சின்னக் கொப்புளம். ராஸின் வாயோ வெளியே ஒட்டியிருப்பதைக் கொத்தி எடுக்க அமைந்தது. தோலுக்கு அடியில் இருப்பதை அது தேடி எடுத்துத் தின்னும் என்று நம்புவதற்கு இடமில்லை.

அப்படியானால் "ராஸ் போட்டேன், நாலு நாளில் புள்ளி போயிடுச்சு" என்று சொல்கிறவர்கள்? அவர்கள் பார்த்தது உண்மைதான், காரணம் மட்டும் வேறு. அந்த ஒட்டுண்ணி மீனின் உடம்பில் 3 முதல் 7 நாள் வரைதான் இருக்கும். அப்புறம் தானாகவே, பெரும்பாலும் இருட்டில், கழன்று விழுந்து மணலிலும் பாறையிலும் ஒட்டிக் கூடு கட்டிக்கொள்ளும். கூட்டுக்குள் நூற்றுக்கணக்கில் பெருகி, சில நாளிலோ சில வாரத்திலோ வெளியே வந்து மறுபடி மீனைத் தேடும். ராஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தப் புள்ளிகள் நாலு நாளில் மறைந்திருக்கும். இரண்டாவது தடவை அவை வரும்போது எண்ணிக்கை பல மடங்கு. மருந்து கொடுக்க நமக்கிருந்த அவகாசம் அதற்குள் போய்விட்டிருக்கும்.

வெல்வெட் என்ற இன்னொரு ஒட்டுண்ணி நோய் இன்னும் மோசம். சில நாட்களிலேயே தொட்டி முழுவதையும் காலி செய்துவிடும். அங்கே ராஸை நம்பி உட்கார நேரமே கிடையாது.

தோல்மேல் ஒட்டும் தட்டைப்புழுக்கள், இரத்தம் உறிஞ்சும் சிறு ஓட்டுடலிகள் ஆகியவற்றின் கதை வேறு. இவற்றைத் துப்புரவு மீன்கள் நிஜமாகவே தின்கின்றன. ஆனால் வீட்டுத் தொட்டியில் மீனைக் கொல்லும் பெரிய எதிரிகள் பெரும்பாலும் முதல் இரண்டும்தான்.

கிளீனர் ராஸ்

அறிவியல் பெயர் லாப்ராய்டிஸ் டிமிடியாட்டஸ். செங்கடலில் இருந்து பசிபிக் தீவுகள் வரை பரவியிருக்கிறது. நம் கிழக்குக் கரையில் பெர்ஹெந்தியான், ரெடாங், தியோமான் பவளப் பாறைகளிலும் பார்க்கலாம். அதிகபட்சம் 14 சென்டிமீட்டர் வளரும். பாறையில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே வேலை செய்யும். களவாய் மீன், கிளிமீன், டாங் என்று வரிசையாக வந்து வாயையும் செவுளையும் திறந்து காட்டி நிற்கும். கடலில் முகமூடி போட்டு மூழ்கி இதை ஒரு தடவை பார்த்தவர்களுக்கு மறக்காது.

இந்த மீன் எவ்வளவு தின்கிறது என்பதை ஆஸ்திரேலியாவின் லிசார்ட் தீவில் அலெக்ஸாண்ட்ரா கிரட்டர் என்ற ஆய்வாளர் அளந்து 1996-இல் வெளியிட்டார். ஒரே ஒரு ராஸ் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1200 ஒட்டுண்ணிகளைத் தின்கிறது. அதற்காக 2000-க்கும் மேற்பட்ட தடவை மீன்களைச் சோதித்துப் பார்க்கிறது. இந்த எண்களை உங்கள் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாலடித் தொட்டியில் எட்டு மீன். நல்ல தொட்டி என்றால் அவற்றின் மேல் தின்னத் தகுந்த ஒட்டுண்ணி எதுவும் இருக்காது. பகல் முழுக்க வேலை செய்து வயிற்றை நிரப்பிப் பழகிய மீனுக்கு அங்கே வேலையும் இல்லை, சாப்பாடும் இல்லை.

பசித்தால் அது என்ன செய்யும்? மீன்களின் மேலிருக்கும் வழவழப்பைக் கொறிக்கும். அதற்கு உண்மையில் அதுதான் அதிகம் பிடிக்கும். கிரட்டரும் ரெடுவான் ப்ஷாரியும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், தெரிவு செய்ய விட்டபோது ராஸ்கள் ஒட்டுண்ணியைவிட வழவழப்பையே தேடிப் போயின. கடலில் இந்த ஆசைக்குக் கடிவாளம் உண்டு. கடிபட்ட மீன் துரத்தும், அல்லது வேறு இடத்துக்குப் போய்விடும். ஆணும் பெண்ணும் சேர்ந்து ஒரே மீனைச் சுத்தம் செய்யும்போது பெண் ஏமாற்றிக் கடித்தால் ஆணே பெண்ணைத் துரத்தித் தண்டிக்கிறது என்றுகூட 2010-இல் கண்டறிந்தார்கள். எனக்கு இந்த மீன்மேல் இவ்வளவு மதிப்பு வந்ததற்கு இதெல்லாம்தான் காரணம். கண்ணாடித் தொட்டியில் அந்த ஏற்பாடு எதுவும் இல்லை. கடிபட்ட மீனுக்குப் போக்கிடம் இல்லை. மெதுவாக நீந்தும் மீன்களும் புதிதாக வந்து ஒளிந்திருக்கும் மீன்களும் நாள் முழுக்க இதன் தொல்லையைத் தாங்க வேண்டியிருக்கும். மாண்டரின், கடற்குதிரை போன்றவை இருக்கும் தொட்டிக்கு ராஸ் வேண்டவே வேண்டாம்.

எல்லா ராஸும் சாகும் என்று சொல்ல மாட்டேன். மைசிஸ், சத்தூட்டிய ஆர்ட்டீமியா (இரண்டும் சிறு இறால் போன்ற தீனி), மீன் முட்டை, நல்ல பெல்லட் எல்லாம் தின்னப் பழகிய ராஸ் வருடக்கணக்கில் நன்றாக வாழும். பழகாதது கடைக்கு வந்த சில வாரங்களிலேயே மெலிந்து போய்விடும். ஆகவே கடையில் ஒரே ஒரு கேள்விதான்: என் கண் முன்னால் தின்னுமா? தவுக்கேயிடம் கொஞ்சம் மைசிஸ் போடச் சொல்லுங்கள். தின்பது போல் வாய்க்குள் எடுத்துத் துப்பினால் அது தின்றதாகாது. தலைக்குப் பின்னால் முதுகு ஒடுங்கியிருந்தாலோ வயிறு உள்வாங்கியிருந்தாலோ விட்டுவிடுங்கள். அன்று காலை வந்திறங்கிய மீனை எடுக்காமல் ஒரு வாரம் கழித்துப் போய்ப் பாருங்கள்.

வீட்டில் தின்ன வைக்க ஒரு வழி பலருக்குக் கைகொடுத்திருக்கிறது. பாசாரில் லாலாச் சிப்பி வாங்கி, உறைய வைத்து எடுத்து, நன்கு கழுவி, ஓட்டைத் திறந்து அப்படியே பாறைமேல் வைப்பது. ராஸுக்குப் பரப்பின் மேல் கொத்தும் பழக்கம் இருப்பதால் மிதக்கும் தீனியைவிட இதை விரைவில் புரிந்துகொள்ளும். பிறகு அதன்மேலேயே மைசிஸைத் தடவிப் பழக்கலாம்.

ஒரு நாளைக்குக் குறைந்தது மூன்று நான்கு வேளை தீனி வேண்டும். இங்கேதான் வீட்டு நிலவரத்தை நேர்மையாக யோசிக்க வேண்டும். காலை ஏழு மணிக்குப் பாலம் ஏறி வேலைக்குப் போய் இரவு திரும்புகிற வீட்டில் யார் போடுவது? தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை போனால் இரண்டு நாள் வீடே காலி. தீபாவளிக்கு ஈப்போ, கிள்ளான் என்று சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் இன்னும் அதிகம். தானியங்கித் தீனிப்பெட்டி பெல்லட்டைத்தான் போடும். பெல்லட் தின்னாத ராஸுக்கு அதனால் பயனில்லை. அதிகத் தீனி என்றால் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறும். கழிவை நுரையாக வெளியேற்றும் ஸ்கிம்மர் அதற்கு ஈடு கொடுக்க வேண்டும்.

போலி ஒன்றும் உண்டு. ஆஸ்பிடான்டஸ் டீனியாட்டஸ் என்ற பிளென்னி மீன் நிறம், வரி, நீந்தும் விதம் எல்லாவற்றிலும் ராஸைப் போலவே இருக்கும். அருகில் வந்து மற்ற மீன்களின் துடுப்பைக் கடித்துத் தின்னும். வாயைப் பாருங்கள். ராஸின் வாய் மூக்கு நுனியில் இருக்கும். போலியின் வாய் முகத்துக்குக் கீழே உள்ளடங்கி இருக்கும்.

கடலின் பக்கத்தில் இருந்தும் ஒரு வார்த்தை. கடைக்கு வரும் ராஸ்களில் பெரும்பான்மை கடலில் பிடிக்கப்பட்டவை. அவை ஓர் ஆணும் சில பெண்களுமாகக் குழுவாக வாழும். ஆணை எடுத்துவிட்டால் பெரிய பெண் ஆணாக மாறி இடத்தை நிரப்பும். அதனால் ஒன்று போனால் ஒன்றுமில்லை என்று தோன்றலாம். ஆனால் லிசார்ட் தீவில் சில பாறைத் திட்டுகளில் இருந்து ராஸ்களை எட்டரை ஆண்டுகள் தொடர்ந்து அகற்றிப் பார்த்தார்கள். 2011-இல் முடிவு வந்தது: அங்கே தங்கி வாழும் மீன்களின் எண்ணிக்கை 37 சதவீதம் குறைந்திருந்தது, வகைகள் 23 சதவீதம் குறைந்திருந்தன. ஒரு பாறைக்கு இவ்வளவு முக்கியமான மீன், நம் வீட்டில் மூன்று வாரத்தில் சாகக் கூடாது. நம் கடல் பூங்காக்களில், பாயார் தீவு உட்பட, அனுமதியில்லாமல் எதையும் பிடித்து வருவது 1985-ஆம் ஆண்டு மீன்பிடிச் சட்டப்படி குற்றம் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

என் அளவுகோல் இது: 400 லிட்டருக்குக் குறையாத தொட்டி, டாங், ஏஞ்சல் போன்ற சுறுசுறுப்பான நடுத்தர மீன்கள் குறைந்தது எட்டு, பகலில் வீட்டில் ஆள், மேலே வலை மூடி. மூடி இல்லாவிட்டால் குதித்து வெளியே விழுந்துவிடும். ஒரு தொட்டிக்கு ஒன்று போதும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அடுத்த வழிக்குப் போங்கள்.

நியான் கோபி

இது மேற்கு அட்லாண்டிக் மீன். 5 சென்டிமீட்டர்தான். கறுப்பு உடம்பில் ஒரு மின்னும் நீல வரி. இதுவும் மீன்களைச் சுத்தம் செய்யும், ஆனால் அதை மட்டுமே நம்பி வாழாது. மைசிஸ், நறுக்கிய இறால், பெல்லட் எதைப் போட்டாலும் தின்னும். நமக்கு இதில் பெரிய நன்மை, பண்ணையில் பொரித்து வளர்த்த குஞ்சுகள் பல வருடமாகச் சந்தையில் இருப்பதுதான். சிறிய தொட்டிக்கும் பொருந்தும்.

குறைகளும் இருக்கின்றன. ஆயுள் குறைவு, ஏறக்குறைய இரண்டு வருடம். டாட்டிபேக், ஹாக்பிஷ் போன்ற முரட்டு மீன்கள் இருந்தால் ஒளிந்துகொண்டே இருக்கும் அல்லது தின்னப்படும். ஜோடி சேராத இரண்டைப் போட்டால் சண்டை. நம் பக்கத்துக் கடல் மீனாக இல்லாததால் பினாங்குக் கடைகளில் எப்போதும் கிடைக்கும் என்று நம்பிப் போக முடியாது. சொல்லி வைத்து வாங்க வேண்டியிருக்கும். கிடைத்தால், ராஸுக்குப் பதிலாகத் தயங்காமல் இதை எடுக்கலாம்.

கிளீனர் இறால்

சிவந்த முதுகில் வெள்ளைக் கோடு ஓடும் லிஸ்மாட்டா அம்போயினென்சிஸ். அடுக்குமாடி வீட்டின் நடுத்தரத் தொட்டிக்கு என் முதல் தெரிவு இதுதான். நீண்ட வெள்ளை மீசைகளை அசைத்து மீனைக் கூப்பிடும். டாங் வந்து நின்றால் மேலேறிக் கொத்தும். உங்கள் கையை உள்ளே விட்டால் விரல் நகத்தையும் சோதித்துப் பார்க்கும். குழந்தைகள் உள்ள வீட்டில் இதைவிடப் பெரிய மகிழ்ச்சி இல்லை.

மீந்த தீனி, செத்த உயிர், பெல்லட் எல்லாம் தின்னும் என்பதால் பட்டினிக் கவலை இல்லை. இரண்டை ஒன்றாக வையுங்கள். ஒவ்வொன்றும் ஆணாகவும் பெண்ணாகவும் இருக்கும்; மாறி மாறி முட்டை சுமக்கும். வயிற்றுக்கு அடியில் பச்சையாகத் தெரிவது முட்டைதான். பொரித்த குஞ்சுகள் பவளங்களுக்கும் மீன்களுக்கும் இரவுச் சாப்பாடாகிவிடும்.

இறால் சாவதற்குக் காரணம் பெரும்பாலும் நம் அவசரம்தான். உப்பு அளவு திடீரென மாறினால் அது தாங்காது. கடைத் தண்ணீரையும் உங்கள் தொட்டியையும் உப்பு அளவிடும் ரிஃப்ராக்டோமீட்டரில் அளந்து பார்த்துவிட்டு, சொட்டுக் குழாய் வைத்து ஒரு மணி நேரத்துக்கு மேல் மெதுவாகப் பழக்குங்கள். தாமிரம் கலந்த மருந்து எந்த அளவிலும் ஆகாது. ஒரு காலையில் இறால் செத்துக் கிடப்பது போல் தெரிந்தால் பதறாமல் தூக்கிப் பாருங்கள். பெரும்பாலும் அது கழற்றிப் போட்ட வெறும் ஓடாக இருக்கும். ஓடு மாற்றியவுடன் உடம்பு மென்மையாக இருப்பதால் ஓரிரு நாள் ஒளிந்துகொள்ளும். டிரிகர், பஃபர், பெரிய ராஸ் வகைகள், ஹாக்பிஷ் இருக்கும் தொட்டியில் இறால் அவற்றுக்கு இரைதான்.

தொல்லை ஒன்று: பவளத்துக்கு ஊட்டிய தீனியை அதன் வாயில் இருந்தே பிடுங்கித் தின்னும். பவளத்துக்கு ஊட்டுவதற்கு முன்னால் இறாலுக்கு ஒரு துண்டு கொடுத்துவிட்டால் சமாளிக்கலாம். வெள்ளைப் புள்ளியை இதுவும் தீர்க்காது.

தனிமைத் தொட்டி

பார்க்க அழகில்லாத வழி இதுதான். மீனைக் காப்பாற்றும் வழியும் இதுதான்.

40 முதல் 80 லிட்டர் வரை பிடிக்கும் வெற்றுத் தொட்டி, மணலோ பாறையோ வேண்டாம். ஒளிந்துகொள்ள பி.வி.சி. குழாய்த் துண்டுகள், ஸ்பாஞ்ச் வடிகட்டி, காற்றுக் குழாய், ஒரு மூடி. ஸ்பாஞ்சை முன்கூட்டியே நோயில்லாத தொட்டியின் சம்ப்பில் (வடிகட்டும் துணைத் தொட்டியில்) போட்டுப் பாக்டீரியா பிடிக்க வைத்திருந்தால் அம்மோனியாச் சிக்கல் குறையும். புதிதாக வாங்கும் ஒவ்வொரு மீனும் குறைந்தது நான்கு வாரம் இங்கே இருந்துவிட்டுத்தான் பவளத் தொட்டிக்குப் போக வேண்டும்.

வெள்ளைப் புள்ளிக்கு இரண்டு நம்பகமான முறைகள். ஒன்று தாமிரம். மருந்துக்கு மருந்து அளவு வேறுபடும். புட்டியில் சொன்ன அளவை, அந்த வகைத் தாமிரத்துக்கு ஏற்ற சோதனைக் கருவியால் தினமும் அளந்து நிலையாக வைத்திருக்க வேண்டும். குறைந்தால் பலனில்லை, கூடினால் மீனுக்கு நஞ்சு. பவளமும் இறாலும் உள்ள தொட்டியில் ஒரு சொட்டும் கூடாது.

இன்னொன்று மருந்தே இல்லாதது, எனக்குப் பிடித்தது: 72 மணி நேரத்துக்கு ஒரு தடவை மீனைச் சுத்தமான புதுத் தொட்டிக்கு மாற்றுவது. மீனிலிருந்து விழுந்த கூடுகள் பொரிப்பதற்கு முன்பே மீன் இடம் மாறிவிடுகிறது. நான்கு மாற்றத்தில் 12 நாளில் சுழற்சி அறுந்துவிடும். இரண்டு பிளாஸ்டிக் தொட்டிகளும், மாற்றும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கலந்த உப்புத் தண்ணீரும் போதும். பயன்படுத்திய தொட்டியையும் குழாய்களையும் கழுவி நன்றாகக் காயவைத்துத்தான் மறுபடி எடுக்க வேண்டும். வெல்வெட்டுக்கும் தட்டைப்புழுவுக்கும் இந்த முறை போதாது, அவற்றுக்கு மருந்துதான்.

பெரிய தொட்டியில் ஏற்கெனவே நோய் புகுந்துவிட்டால் எல்லா மீனையும் வெளியே எடுத்து, பவளமும் இறாலும் மட்டும் இருக்க, 76 நாள் மீனில்லாமல் விட வேண்டும். ஒரு கூடு பொரிக்க 72 நாள் வரை எடுத்ததாகப் பதிவு உண்டு. அதனால்தான் அந்தக் கணக்கு. புதிதாக வாங்கும் இறாலின் ஓட்டிலும் பவளத்தின் அடிப்பாகத்திலும் கூடுகள் ஒட்டி வரலாம் என்பதால் அவற்றையும் மீனில்லாத தொட்டியில் அதே காலம் வைப்பதுதான் பாதுகாப்பு.

நம் ஊர் வெக்கையை இங்கே மறந்துவிடக் கூடாது. மூடிய அறையில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும். சூடான தண்ணீரில் உயிர்வாயு குறைவு, நோயுற்ற மீனின் செவுள் ஏற்கெனவே பழுது. பெரிய தொட்டிக்குச் சில்லர் வைத்திருப்பவர்கள்கூட தனிமைத் தொட்டியை பின்கட்டில் வெயில் படும் இடத்தில் வைத்துவிடுகிறார்கள். குளிரூட்டி ஓடும் அறையிலோ, ஒரு சின்ன மின்விசிறி தண்ணீர்மேல் வீசும்படியோ வையுங்கள். ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாக ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றி உப்பைச் சரிபார்க்க வேண்டும். மின்சாரம் போகும் நேரத்துக்கு பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று அலமாரியில் இருக்கட்டும்.

செலவை எண்ணிப் பார்த்தால் ஒரு ராஸை விட இது கூடுதல்தான். ஆனால் ஒரு நல்ல டாங் மீனின் விலையோடு ஒப்பிட்டால் பெரிய தொகை இல்லை. அடுத்து வாங்கும் ஒவ்வொரு மீனுக்கும் இதே தொட்டி பயன்படும்.

எந்த வீட்டுக்கு எது

தொட்டி 100 லிட்டருக்குள், இரண்டு மூன்று க்ளவுன் மீன்தான் என்றால் ஓர் இறால் அல்லது ஒரு நியான் கோபி. சாதுவான துணை மீன்கள் என்றால் இரண்டும் சேர்ந்தே வாழும். டிரிகரும் பெரிய ஏஞ்சலும் உள்ள தொட்டியில் இறாலுக்கு இடமில்லை. அங்கேதான் ராஸ் அர்த்தமுள்ள தெரிவு, ஏனென்றால் பெரிய முரட்டு மீன்களும் ராஸை அடையாளம் கண்டு பெரும்பாலும் தின்னாமல் விடும். தொட்டி புதிதா, ஆறு மாதம்கூட ஆகவில்லையா? தனிமைத் தொட்டியை மட்டும் முடித்துவிட்டு மற்றதைத் தள்ளிப்போடுங்கள்.

ராஸை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு: இன்றிலிருந்து தீனியைச் சிறு சிறு அளவாக நான்கு வேளையாகப் பிரியுங்கள், லாலா முறையை முயன்று பாருங்கள், வாரம் ஒரு தடவை பக்கவாட்டில் படம் எடுத்து வயிற்றை ஒப்பிடுங்கள். மெலிந்துகொண்டே போனாலோ மற்ற மீன்கள் அதைக் கண்டு ஒளிந்தாலோ, பெரிய தொட்டியும் பகலில் ஆளும் இருக்கும் யாருக்காவது கொடுத்துவிடுங்கள். பினாங்குக் கடலில் கொண்டுபோய் விட வேண்டாம். கலங்கிய நீரிணையில் அதற்குப் பாறை கிடையாது, கடையில் இருந்து அது சுமந்து வந்த நோயும் சேர்ந்து கடலுக்குப் போகும். கொடுக்கும்போது அது என்ன தீனியை, எப்படி வைத்தால் தின்கிறது என்பதை எழுதி, அந்தத் தீனியிலும் ஒரு பொட்டலம் சேர்த்துக் கொடுங்கள்.